கிழக்கில் இல்லாத நட்சத்திரம்

இந்த ஊரில் யார் காலமானாலும் முதலில் தெரிவது மலையாளப் பத்திரிகையின் சரமப் பக்கத்தில், அதாவது மரண அறிவிப்புப் பக்கத்தில்தான். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. காலையில் எழுந்ததும் அரசியல், சினிமா எதையும் தொடாமல் நேரே செத்தவர்களின் புகைப்படங்களுக்குப் போகிறார்களே, என்ன ஜனங்கள் என்று நினைப்பேன். பிறகு நானும் அப்படித்தான் ஆனேன். அன்று முடிவெட்டும் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது பத்திரிகையைப் பிரித்தால், பரமேஸ்வரன் சார் இருக்கிறார். தலை நிறைய முடியோடு எடுத்த பழைய படம். கீழே பெயர், வலியசாலை, ஓய்வுபெற்ற விஞ்ஞானி, மனைவி லலிதா. அதற்கும் கீழே, ‘புதிய நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்’.

“ஐயோ” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கத்திரியை நிறுத்திய கடைக்காரர், “எந்தா சாரே, அறியுன்ன ஆளாணோ?” என்று கேட்டார். தெரிந்தவர்தான் என்று தலையாட்டினேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அந்த ஐயோ முழுவதும் சாவுக்கானது அல்ல. பாதி அந்தக் கடைசி வரிக்கானது. முகம் சுட்டது. முடி வெட்டிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் அவரை அறிந்தவர்கள். வலியசாலைத் தெருவுக்கு அவர் பரமு. கடற்கரையில் ராக்கெட் விடும் இடத்தில் வேலை பார்த்த எங்களுக்குப் பரமேஸ்வரன் சார். பின்னால் வந்த இளவட்டங்களுக்கு ‘மேலே கீழே சார்’. அந்தப் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. அவர் இருந்தவரை அதை நான் விளக்கவில்லை. இப்போது விளக்கியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அறுபதுகளின் முடிவில் நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. சார் தலைவர். வயர், மின்சுற்று எல்லாம் துரை என்கிற என் பாடு. அலுமினியத்தை அறுத்துப் பெட்டி செய்வது ஜார்ஜ்குட்டி. நாங்கள் செய்ததற்குத் தொலைநோக்கி என்று பெயர் வைத்திருந்தோம். தொலைநோக்கி என்றதும் நீங்கள் குழாயையும் கண்ணாடியையும் நினைப்பீர்கள். எங்களுடையது வாயுவை அடைத்த பெட்டி, அவ்வளவுதான். சில நட்சத்திரங்கள் எக்ஸ் கதிரை வீசுகின்றன. அந்தக் கதிரைப் பூமியின் காற்று கீழே விடாது. ஆகவே பெட்டியை ராக்கெட்டின் மூக்கில் வைத்துக் காற்றுக்கு மேலே அனுப்ப வேண்டும். ராக்கெட் பம்பரம் போலச் சுழலும், பெட்டியின் ஜன்னல் வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். சில நிமிஷங்கள்தான். பிறகு எல்லாம் கடலில். வருஷக்கணக்கில் செய்த பெட்டி கடலுக்குள் போகும்போது ஜார்ஜ்குட்டி ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழற்றுவான்.

சாருக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. வேலையிலும் அவசரம், பேச்சிலும் அவசரம். பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும்போதே, “இன்னிக்கு நம்ம பெட்டி மேலே போறதாக்கும்” என்று சொல்லிவிடுவார். கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கொடுக்க மறந்துபோவார், சாரும் கேட்க மறந்துபோவார். இப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் அந்த நட்சத்திரம் கிடைத்தது.

மழை விட்ட ஒரு ஐப்பசி மாலை. விளக்கு வைக்கும் நேரத்தில் ராக்கெட் கிளம்ப வேண்டும். விருச்சிகத்தில் எல்லாருக்கும் தெரிந்த நட்சத்திரம் ஒன்று உண்டு, எக்ஸ் கதிரில் வானத்திலேயே பிரகாசமானது. அதைப் பார்த்து எங்கள் பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் திட்டம். ஆனால் கடலில் மீன்பிடிப் படகுகள் நின்றிருந்தன. அவை விலகும்வரை ராக்கெட் விடக்கூடாது. விலகி முடிவதற்குள் விருச்சிகம் மேற்கே இறங்கி மறைந்துவிட்டது. “போச்சு. சோதிக்க வந்த நட்சத்திரமே அஸ்தமிச்சாச்சு” என்று சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். இருந்தாலும் ராக்கெட் போனது. பெட்டி ரேடியோவில் அனுப்பியதைக் காகிதச் சுருளில் பேனா கோடாகப் போட்டுக்கொண்டே வந்தது. திடீரென்று கோடு எழுந்தது. அடுத்த சுற்றில் மறுபடி எழுந்தது. சுற்றுக்கு ஒரு தடவை, அதே இடத்தில்.

சார் பல நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கோடு எழுந்த இடம் வானத்தில் கிழக்கே விழுந்தது. மிருகசீரிஷம் உதிக்கிற இடத்துக்குச் சற்றுத் தெற்கே. அங்கே எக்ஸ் கதிர் வீசும் நட்சத்திரம் இருப்பதாக உலகத்தில் யாரும் சொன்னதில்லை. நாங்களும் சுருளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். எங்கள் மூன்று பேருக்கும் அந்த வாரம் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

கணக்கு முடிந்த மறுநாளே வலியசாலை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார். சரமப் பக்கத்தில் வந்ததே, அதே படம்தான். கோயிலில் சாருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். தெருவிலிருந்த ஜோசியர் அவரை நிறுத்தி, “பரமு, உன்னோட நட்சத்திரம் ரோகிணியில சேருமா, மிருகசீரிஷத்துல சேருமா? ஜாதகத்துக்கு வேணும்” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சார் சிரிக்கவில்லை. பெருமையோடு நின்று, “ரோகிணிக்குக் கீழே தெற்கால வெச்சுக்கோங்கோ” என்றார்.

அடுத்த வருஷம் நம் ஊரிலேயே பெரிய வானியல் மாநாடு நடப்பதாக ஏற்பாடு. வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். பின்னால் பறக்கப்போகும் ஒரு செயற்கைக்கோளில் தொலைநோக்கி வைக்க யாருக்கு இடம் கொடுப்பது என்று அங்கே முடிவாகும். ராக்கெட்டில் போனால் சில நிமிஷம், செயற்கைக்கோளில் போனால் மாதக்கணக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த இடத்தைவிடப் பெரியது ஒன்றுமில்லை. புது நட்சத்திரம் கண்டவர்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? ஜார்ஜ்குட்டி அதற்கான அலுமினியப் பெட்டியை அப்போதே அறுக்கத் தொடங்கிவிட்டான்.

மாநாட்டுக்கு முன்னால் நவராத்திரி வந்தது. சார் வீட்டுக் கொலுவில் அந்த வருஷம் மேல்படியில் ராக்கெட் பொம்மை, அதற்கு மேலே ஜிகினாக் காகிதத்தில் நட்சத்திரம். அதற்குள் சின்ன பல்பு வைத்து அணைந்து அணைந்து எரியும்படி வயர் போட்டுக் கொடுத்தவன் நான்தான். தெருவே வந்து பார்த்தது. லலிதா மாமிக்கு அந்தத் தடவை வெற்றிலை பாக்கு கொடுத்து முடியவில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சுண்டலுக்குப் பெரிய பாத்திரம் வேண்டும் என்று மாமி சொல்ல, சார் பரணில் ஏறினார். கூடத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி கீழே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தினமும் கட்டிலில் படுத்துக் கீழேயிருந்து பார்த்தால் அந்த விசிறி அப்பிரதட்சிணமாகச் சுற்றும். மேலேயிருந்து பார்த்தால் பிரதட்சிணமாகச் சுற்றுகிறது. அதே விசிறிதான்.

தலையில் ஒட்டடையோடு பஸ் ஏறி நேரே எங்கள் அறைக்கு வந்தார். ராக்கெட்டின் வரைபடத்தை எடுத்துப் போட்டார். சுழலும் திசைக்கு அதில் ஓர் அம்புக்குறி உண்டு. “துரை, இந்த அம்பு மேலேருந்து பாத்ததா, கீழேருந்து பாத்ததா?” என்று கேட்டார். ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது, வால்புறத்திலிருந்து பார்த்தபடி என்று. கீழேயிருந்து. சார் மேலேயிருந்து என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தார்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். சுழலும் திசையை மாற்றிப் போட்டால் கிழக்கு மேற்காகும், மேற்கு கிழக்காகும். எங்கள் நட்சத்திரம் கிழக்கே இல்லை. மேற்கே, அடிவானத்தில் இருந்தது. அதாவது, எல்லாருக்கும் தெரிந்த அதே விருச்சிகத்து நட்சத்திரம். தரையில் நின்ற எங்களுக்குத்தான் அது அஸ்தமித்தது. அவ்வளவு உயரத்துக்குப் போன பெட்டிக்கு அடிவானம் இன்னும் கீழே, அதன் கண்ணுக்கு அது மறையவே இல்லை. ஊரறிந்த பழைய நட்சத்திரத்தைத் தப்பான பக்கத்தில் பார்த்துவிட்டுப் புதிதென்று பரிவட்டம் கட்டிக்கொண்டிருந்தோம்.

 சார்தான் முதலில் பேசினார். அவர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். “மாநாடு முடியட்டும். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கப்படாது. நாம ஒண்ணும் பொய் சொல்லலையே, சும்மாதானே இருக்கப்போறோம்?” வானத்தில் அந்த இடத்தை இன்னொருவர் மறுபடி பார்த்துச் சரிபார்க்க வருஷக்கணக்காகும். அதற்குள் செயற்கைக்கோளில் எங்கள் பெட்டி ஏறிவிடும். ஜார்ஜ்குட்டி, “அதாணு சாரே நல்லது” என்றான். எங்கள் மூவரில் யாரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சும்மா இருப்பது சாருக்கு வராத வித்தை. அன்று மாலை கொலுவுக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும் அவர் கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாளும் அப்படியே. நான் என் மனைவியோடு போயிருந்தேன். கூடத்தில் பெண்கள் அந்த ஜிகினா நட்சத்திரத்தைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார்கள். நான் போட்ட வயரில் அது கண்ணைச் சிமிட்டுகிறது.  நட்சத்திரத்தை மட்டும் எடுத்துவிடலாமே என்று மாமியிடம் மெல்லக் கேட்டேன். “வெச்ச கொலுவைக் கலைக்கப்படாது துரை. விஜயதசமி வரைக்கும் இருந்துதான் ஆகணும்” என்றாள் மாமி. பாத்திரம் எடுக்கப் போன மனுஷன் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் தெரியாமல் போகும்? அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மாமி கொல்லைப்புறம் போனாள். நானும் பின்னால் போனேன். “ஏன்னா, நீங்க கெணத்தடியில வந்து உக்காந்துண்டா வரவாளுக்கு யார் பதில் சொல்றது? எனக்குப் பொய் வாயில வராதாக்கும். கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன். நான் சொன்னா அது வம்பு. நீங்க சொன்னா அது சயன்ஸ்.”

சார் தலையைத் தூக்கவில்லை. “மானம் போயிடும் லலிதா” என்றார்.

“போறது போகட்டும். ஒளிஞ்சுண்டா மட்டும் இருந்துடுமா?”

அவர் எழுந்து, முகம் கழுவி, வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு வந்து கொலுவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தார். பல்பையாவது அணைக்கட்டுமா என்று கேட்டேன். “எரியட்டும். அதைக் காமிச்சுதானே சொல்லணும்” என்றார். மிச்சமிருந்த நாளெல்லாம் அந்தப் பாயிலேயே உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும், நட்சத்திரத்தைக் காட்டி, “இது தப்பு. நான் தலைகீழாப் பாத்துட்டேன். அங்க ஒண்ணும் கிடையாது” என்று சொன்னார். நம்ப மாட்டேன் என்றவர்களுக்கு விசிறியைக் காட்டினார். ஜோசியருக்குத்தான் பெரிய அதிர்ச்சி. “அப்போ நாலஞ்சு பேருக்கு அதை வெச்சுப் பலன் சொல்லிட்டேனே, பரமு!” என்றார். “பலன் நன்னா இருந்ததோ?” என்று கேட்டார் சார். “நன்னாத்தான் இருந்தது.” “அப்போ அது விருச்சிகத்தோட பலன்னு வெச்சுக்கோங்கோ.”

சிரித்தவர்கள் பரவாயில்லை. “பரவாயில்லைடா பரமு, எல்லார்க்கும் வரதுதான்” என்று முதுகைத் தட்டிவிட்டுப் போனார்களே, அவர்களைத்தான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தோள் இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் மட்டும் அடுத்த ஆள் உள்ளே வந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தெருவில் சொல்வது வேறு, மாநாட்டில் சொல்வது வேறு. அங்கே அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் சாரின் பேச்சுக்கு நேரே, புதிய எக்ஸ் கதிர் நட்சத்திரம் என்று தலைப்பே போட்டிருந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். பம்பாய்க்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், கழுத்தில் டை கட்டி வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள். சார் மேடையேறிச் சுருளின் படத்தைத் திரையில் காட்டினார். பிறகு மேலே ஓடிய விசிறியைக் காட்டினார். “இது எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது? உங்களுக்கு ஒரு விதம். அதோ, உத்தரத்தில் இருக்கும் பல்லிக்கு வேறு விதம். நான் பல்லியின் இடத்திலிருந்து கணக்குப் போட்டுவிட்டேன். தலைப்பில் சொன்ன நட்சத்திரம் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கினார். கொடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் பல்லி மாதிரி ‘ச்சு ச்சு’ என்று ஒலி எழுப்ப, அந்த வரிசை குலுங்கிச் சிரித்தது. தலைமை வகித்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நன்றி, அடுத்தது என்றார். மத்தியானம் இலை போட்டுக் கேரள விருந்து பரிமாறினார்கள். எங்கள் மூன்று இலைகளுக்கு இரு பக்கமும் இலைகள் காலியாகவே கிடந்தன. எல்லாரும் வேறு பந்தியைத் தேடிப் போனார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சார் அடைப் பிரதமன் பாயசம் வந்ததும், “இன்னும் ஒரு கரண்டி விடுங்கோ” என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.  பிரதமன் வேஷ்டியில் சிந்தியது. அதை அவர் கவனிக்கவில்லை.

செயற்கைக்கோளில் இடம் வேறு குழுவுக்குப் போனது. ஜார்ஜ்குட்டி அறையில் கத்தினான். “ஒரு மாசம் கழிஞ்சு சொன்னா போறாதாயிருந்தோ சாரே? ஒரே ஒரு மாசம்!” அதற்குச் சார் சொன்ன பதில் என் காதில் இன்றும் இருக்கிறது. “போறும்தான். ஆனா ஒரு மாசம் கழிச்சா என்னால சொல்லியிருக்க முடியாது, ஜார்ஜே. எனக்கு என்னைத் தெரியும்.”  ஜார்ஜ்குட்டி அறுத்து வைத்த அலுமினியப் பெட்டியில் பிற்பாடு நாங்கள் திருகாணிகள் போட்டு வைத்தோம்.

சாருக்கு அதன் பின் தொலைநோக்கி வேலை கிடைக்கவில்லை. மற்றவர்கள் செய்யும் பெட்டிகளின் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். யார் எந்தப் படத்தை விரித்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “மேலேருந்தா, கீழேருந்தா?” கான்டீனில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு நியாயம் கேட்டு வந்தாலும் அதையே கேட்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். புதிதாக வந்த பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் பல்லிச் சத்தம் போடுவார்கள். ஒருநாள் எனக்குக் கோபம் தாங்காமல் ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். “விடு துரை. சத்தம் போடறவன் ஒருத்தனாவது அம்பைப் பாக்காம விடமாட்டானோன்னோ?” என்று சொல்லிவிட்டு வரைபடத்தில் குனிந்துகொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது. அந்தக் காது ஓய்வு பெறும் நாள்வரை அந்தச் சத்தத்துக்குச் சிவந்துகொண்டுதான் இருந்தது. பழகிவிட்டார் என்று நினைத்தவர்களுக்கு அவரைத் தெரியாது.

பல வருஷம் கழித்து, வெளிநாட்டுத் தொலைநோக்கி ஒன்று செயற்கைக்கோளில் சுற்றி வானம் முழுவதையும் பார்த்துப் படம் போட்டது. அந்தப் படம் எங்கள் நூலகத்துக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது மிருகசீரிஷத்துக்குத் தெற்கே. எங்கள் பெட்டி காட்டிய பிரகாசத்தில் அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு வலியசாலைக்குப் போனேன். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கருப்பு இடத்தை வெகுநேரம் பார்த்தார். “அப்போ நாம மாநாட்டுல சொன்னது சரியாப்போச்சு” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “லலிதா, துரைக்குக் காப்பி கொண்டுவா. நம்ம ரிசல்ட் சரின்னு வந்துடுத்து!” என்று கத்தினார். அவர் அப்படிச் சந்தோஷமாகக் கத்தி வருஷக்கணக்காகியிருந்தது.

இனி சரமப் பக்கத்துக்கு வருகிறேன். முடிவெட்டும் கடையிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மாமி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழவில்லை. “துரை, பேப்பர் பாத்தியோ? அவர் போனதைக்கூடத் தாங்கிக்கறேன். இந்த வரியைப் பாத்துட்டு எனக்கு வெளியே தலைகாட்ட முடியலை” என்றாள். பம்பாயிலிருந்து வந்த சாரின் மருமான் கண்ணன், வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய பத்திரிகைத் துண்டைப் பார்த்து அந்த வரியைக் கொடுத்திருக்கிறான். மாமாவுக்குப் பெருமை சேர்க்கத்தான். பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். சரமப் பக்கத்துக்குத் திருத்தம் போடும் வழக்கம் இல்லையாம்.

பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு தெருவில் வைத்த அனுதாபக் கூட்டத்துக்கு உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். பேசிய ஒவ்வொருவரும் நட்சத்திரத்தைச் சொன்னார்கள். ஒருவர், அவரே இப்போது அந்த நட்சத்திரமாகிவிட்டார் என்றார். கொலுவில் சார் வாயாலேயே கேட்டவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்ததும் கண்ணன் என் கையைப் பிடித்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவனுக்குத் தெரியும். வீட்டிலேயே சொல்லியிருந்தேன்.

“அங்கிள், ப்ளீஸ். ஒரே ஒரு நட்சத்திரம்தானே, இருந்துட்டுப் போகட்டுமே. செத்தவர்கிட்டேருந்தா பிடுங்கணும்?”

 அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் மூவரில் ஜார்ஜ்குட்டி அமெரிக்கா போய்விட்டான். நான் வாயை மூடிக்கொண்டால் அந்த நட்சத்திரம் அவர் பெயரில் அப்படியே நின்றுவிடும். பெண்கள் பக்கத்தைப் பார்த்தேன். புருஷனைப் பறிகொடுத்தவள் கூட்டத்தில் பேசுவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. மாமி பேசினாள். உரக்கவும் இல்லை.

“சொல்லு துரை. இத்தனை நாள் அவர் கீழேருந்து பாத்துண்டிருந்தார். இப்போ மேலேருந்தாக்கும் பாக்கறார். தப்பா ஒண்ணு சொல்லி அவரை இன்னொரு தரம் கெணத்தடிக்கு அனுப்பாதே.”

சொன்னேன். விசிறியைக் காட்டித்தான் சொன்னேன். என் முகம் எரிந்தது, நாக்குக் குழறியது. கூட்டத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவர் என் முதுகைத் தட்டினார். அந்தத் தட்டு எப்படியிருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கொலு முடியும்வரை சார் எத்தனை தட்டு வாங்கியிருப்பார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நினைவாக வைத்துக்கொள்ள அவர் பொருள் எதுவும் என்னிடம் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஐப்பசியில் மழை விட்ட மாலைகளில் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பார்ப்பேன். மிருகசீரிஷம் எழும். அதற்குச் சற்றுத் தெற்கே, எங்கள் பேனா கோடு காட்டிய அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் வலியசாலை பரமேஸ்வரன்.